தோற்றவர் ஆண்ட நாடு: நியூசிலாந்து தன் தேர்தல் முறையை மாற்றிய விதம்

1978இலும் 1981இலும் நியூசிலாந்தில் அதிக வாக்கு வாங்கியது லேபர் கட்சி. இரண்டு முறையும் ஆட்சியில் அமர்ந்தது நேஷனல் கட்சி. 1978இல் லேபருக்கு 40.4 சதவீதம், நேஷனலுக்கு 39.8. ஆனால் 92 இடங்களில் நேஷனலுக்கு 51, லேபருக்கு 40. மூன்றாவதாக வந்த சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 16.1 சதவீதம் கிடைத்தும் ஒரே ஒரு இடம்தான். 1981இல் அந்தக் கட்சி 20.7 சதவீதத்துக்கு ஏறியது. ஐந்தில் ஒரு வாக்காளர் அதற்குப் போட்டார். கிடைத்தது இரண்டு இடம்.

கள்ள ஓட்டு விழவில்லை, பெட்டி எதுவும் மாறவில்லை. எண்ணிக்கை சுத்தமாகவே நடந்தது. தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார், மற்ற வாக்குகள் எங்கும் சேராமல் போயின. இந்திய மக்களவைத் தேர்தலில் இன்றும் இருக்கும் அதே முறைதான் இது. ஒரு கட்சியின் ஆதரவு நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எல்லாத் தொகுதியிலும் அது தோற்கும். ஒரு மூலையில் குவிந்திருந்தால் ஜெயிக்கும். 1984 தேர்தல் இதை அப்பட்டமாகக் காட்டியது. 12.2 சதவீதம் வாங்கிய ‘நியூசிலாந்து கட்சி’ என்ற புதிய கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 7.6 சதவீதத்துக்குச் சரிந்துவிட்ட சோஷியல் கிரெடிட்டுக்கு மறுபடியும் இரண்டு இடம்.

நியூசிலாந்தில் இந்தக் குறை மற்ற நாடுகளைவிட ஆழமாகக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அங்கே மேலவை 1951 முதல் இல்லை. ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பும் இல்லை. மாகாண சட்டமன்றங்களும் இல்லை. ஆகவே பாதிக்கு மேல் ஓர் இடம் கிடைத்த கட்சி மூன்று ஆண்டுகளுக்கு நினைத்ததைச் சட்டமாக்கலாம். 1984இல் வந்த லேபர் அரசு தேர்தலில் சொல்லாத பொருளாதார மாற்றங்களை வேகவேகமாகச் செய்தது. 1990இல் அதைத் தோற்கடித்து வந்த நேஷனல் அரசும் தன் பங்குக்கு நலத்திட்டங்களை வெட்டியது. யாருக்குப் போட்டாலும் இதுதான் நடக்கும் என்ற கசப்பு மக்களிடம் ஊறியது. தேர்தல் கணக்கு என்ற வறண்ட விஷயம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது இந்தக் கசப்பினால்தான்.

அரசியல்வாதி இல்லாத ஆணையம்

1985இல் லேபர் அரசு தேர்தல் முறை பற்றி ஓர் அரச ஆணையம் அமைத்தது. தலைவர் நீதிபதி ஜான் வாலஸ். உறுப்பினர்கள் நான்கு பேர்: புள்ளியியலாளர் ஜான் டார்வின், சட்டப் பேராசிரியர் கென்னத் கீத், அரசியல் அறிவியலாளர் ரிச்சர்ட் மல்கன், மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) ஆய்வாளர் வேட்டுமாராமா வெரேட்டா. பதவியில் இருந்த கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. இந்த முழு முயற்சியில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இதுதான். தொகுதி முறையால் வாழ்ந்தவர்களைக் கொண்டு தொகுதி முறையை ஆராயச் சொன்னால் என்ன வரும் என்பது யாருக்கும் தெரிந்ததே.

ஆணையம் முதலில் பத்து அளவுகோல்களை எழுதி வைத்துக்கொண்டது. கட்சிகளுக்கிடையே நியாயம், சிறுபான்மையினர் பிரதிநிதித்துவம், மாவோரி பிரதிநிதித்துவம், தொகுதி மக்களுக்குச் சேவை, நிலையான அரசு, வலுவான நாடாளுமன்றம் என்று அந்த வரிசை போகும். ஒவ்வொரு தேர்தல் முறையையும் அவற்றில் உரசிப் பார்த்தது. 1986 டிசம்பரில் அறிக்கை வந்தது. அன்றைய மேற்கு ஜெர்மனியில் இருந்த கலப்பு விகிதாசார முறை (தொகுதி உறுப்பினர்களோடு கட்சிப் பட்டியலிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து, கட்சியின் வாக்கு விகிதத்துக்கேற்ப மொத்த இடங்களைத் தருவது) வேண்டும், அவையின் இடங்கள் 95லிருந்து 120 ஆக வேண்டும், பட்டியல் இடம் பெற 4 சதவீத வாக்கு போதும் என்றது. மாவோரிகளுக்கு 1867 முதல் இருந்து வந்த தனித்தொகுதிகளை எடுத்துவிட்டு, மாவோரி கட்சிகளுக்கு மட்டும் அந்த 4 சதவீத வரம்பைத் தளர்த்தலாம் என்றும் சொன்னது. மாவோரி சமூகம் இந்தக் கடைசி யோசனையை ஏற்கவில்லை. தனித்தொகுதிகள் தங்கின. ஆனால் 126 ஆண்டுகளாக நான்கு என்று பூட்டப்பட்டிருந்த எண்ணிக்கை, மாவோரி வாக்காளர் பட்டியலில் சேருவோரின் தொகைக்கேற்ப இனி மாறும் என்று 1993 சட்டம் எழுதியது. 1996இல் ஐந்து ஆனது, 1999இல் ஆறு, 2002 முதல் ஏழு.

அறிக்கை வந்ததும் இரண்டு பெரிய கட்சிகளும் அதை அலமாரியில் வைத்துவிட்டன. அதைக் கீழே இறக்கியது ஒரு வாய்தவறல். 1987 தேர்தல் நேரத்தில் பிரதமர் டேவிட் லாங்கி தொலைக்காட்சியில் பேசும்போது, பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டதாகப் பின்னால் விளக்கம் வந்தது. ஜெயித்த பிறகு லேபர் அதைச் செய்யவில்லை. வாக்குத் தவறியவர்கள் என்று காட்ட, 1990இல் நேஷனல் கட்சி அதே வாக்குறுதியைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. அந்தத் தேர்தலில் 47.8 சதவீத வாக்குக்கு 97இல் 67 இடம் வாங்கி ஜெயித்த கட்சி, தனக்கு அவ்வளவு தந்த முறையை மக்கள் முன் நிறுத்த வேண்டிய நிலை வந்தது.

இரண்டு படி, நடுவில் ஒரு சட்டம்

முதல் வாக்கெடுப்பு 1992 செப்டம்பர் 19. சீட்டில் இரண்டு பகுதி. பழைய முறை வேண்டுமா, மாற்றம் வேண்டுமா என்பது ஒன்று. மாற்றம் என்றால் நான்கில் எது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 84.7 சதவீதம் பேர் மாற்றம் என்றனர். இரண்டாவதில் கலப்பு விகிதாசார முறைக்கு 70.5 சதவீதம். வாக்களித்தவர்கள் 55.2 சதவீதம்தான். இது கருத்தறியும் வாக்கெடுப்பு மட்டுமே. அரசைக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது 1993 நவம்பர் 6, பொதுத் தேர்தல் அன்றே. இந்த முறை இரண்டே தெரிவு: பழையது அல்லது கலப்பு விகிதாசாரம். முடிவு கட்டாயம் அமலாகும். இடைப்பட்ட காலத்தில் நாடாளுமன்றம் 1993 தேர்தல் சட்டத்தை முழுமையாக எழுதி நிறைவேற்றி வைத்தது. மக்கள் ஆம் என்றால் அது உயிர்பெறும், இல்லை என்றால் செல்லாது. எத்தனை இடம், என்ன வரம்பு, எப்படி எண்ணுவது என எல்லாமே வாக்கெடுப்புக்கு முன்பே அச்சில் இருந்தன. ஆம் சொல்லிவிட்டு அப்புறம் கட்சிகள் கூடி விவரத்தைப் பேசித் தேய்க்கும் வழி அடைபட்டது. வேறு நாட்டில் யாராவது இந்த அனுபவத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பு கடைசிக் கட்டத்தில்தான் திரண்டது. தொழிலதிபர் பீட்டர் ஷெர்ட்கிளிஃப் முன்னின்ற எதிர்ப்பு இயக்கம் பணத்தைக் கொட்டி விளம்பரம் செய்தது. யாரும் தேர்ந்தெடுக்காத பட்டியல்காரர்கள் உங்களை ஆள்வார்கள் என்பது அவர்கள் வாதம். 53.9 சதவீதம் ஆம், 46.1 சதவீதம் இல்லை என்று முடிந்தது. அதே நாளில் நடந்த பொதுத் தேர்தல் புதிய முறைக்குத் தானே சாட்சி சொன்னது. 35.1 சதவீதம் வாங்கிய நேஷனலுக்கு 99இல் 50 இடம், 18.2 சதவீதம் வாங்கிய, சிறு கட்சிகளின் கூட்டான அலையன்ஸுக்கு இரண்டு இடம்.

அடுத்த மூன்றாண்டு எல்லை வரையும் வேலை. 99 தொகுதியை 65 ஆகச் சுருக்க வேண்டும். தொகுதியை இழக்கப்போகும் உறுப்பினர்கள் பதறியதில் கட்சிகள் உடைந்தன. 1995இல் இரு பெரிய கட்சிகளிலிருந்தும் வெளியேறியவர்கள் சேர்ந்து ஏழு பேராக யுனைடெட் என்ற கட்சி தொடங்கினர். 1996இல் அவர்களில் பீட்டர் டன் ஒருவரே மிஞ்சினார்.

சீட்டிலிருந்து இருக்கை வரை

வாக்காளருக்கு ஒரு சீட்டு, இரண்டு வாக்கு. இடப்பக்கம் கட்சி வாக்கு, வலப்பக்கம் தொகுதி வாக்கு. இரண்டையும் ஒரே கட்சிக்குப் போட வேண்டியதில்லை. அவையில் எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதைக் கட்சி வாக்கு மட்டுமே தீர்மானிக்கிறது. அந்த இடங்களில் யார் உட்காருவார்கள் என்பதில்தான் தொகுதி வாக்குக்கு வேலை. தொகுதியில் ஜெயித்தவர்கள் முதலில் அமர்வார்கள், பாக்கி இடங்கள் கட்சிப் பட்டியலில் மேலிருந்து கீழாக நிரப்பப்படும். பட்டியல் மூடியது. இலங்கையில் விருப்பு வாக்குப் போடுவதுபோல அதில் உள்ளவரை வாக்காளர் வரிசை மாற்ற முடியாது. பட்டியல் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் இல்லை, அடுத்த பெயர் வரும்.

கணக்கு இது. 5 சதவீதம் தாண்டிய அல்லது ஒரு தொகுதியாவது ஜெயித்த கட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் வாக்கையும் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். வரும் ஈவுகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடுக்கி, பெரிய 120ஐ எடுத்தால் அவைதான் இடங்கள். செயின்ட் லாகு முறை என்று இதற்குப் பெயர். பெரிய கட்சிக்கும் சிறிய கட்சிக்கும் சாய்வு காட்டாதது.

1996 அக்டோபர் 12 அன்று நடந்த முதல் தேர்தலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்:

நேஷனல்: 7,01,315 வாக்கு, 44 இடம் (30 தொகுதி, 14 பட்டியல்)
லேபர்: 5,84,159 வாக்கு, 37 இடம் (26, 11)
நியூசிலாந்து ஃபர்ஸ்ட்: 2,76,603 வாக்கு, 17 இடம் (6, 11)
அலையன்ஸ்: 2,09,347 வாக்கு, 13 இடம் (1, 12)
ஆக்ட்: 1,26,442 வாக்கு, 8 இடம் (1, 7)
யுனைடெட்: 18,245 வாக்கு, 1 இடம் (1, 0)

இந்த ஆறின் மொத்தம் 19,16,111. 120ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்குச் சுமார் 15,968 வாக்கு. எல்லாக் கட்சிக்கும் ஏறக்குறைய அதே விலை. பழைய முறையில் ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்குப் பத்து மடங்கு விலை என்று இருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி, அதாவது 120ஆவது இடம் லேபருக்குப் போனது. அதன் 37ஆவது இடத்துக்கான வகுஎண் 73. 5,84,159ஐ 73ஆல் வகுத்தால் 8,002. அடுத்து வெளியே நின்றது நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியின் 18ஆவது இடம். 2,76,603ஐ 35ஆல் வகுத்தால் 7,903. அந்தக் கட்சிக்கு நாடு முழுக்க இன்னும் 3,500 வாக்கு விழுந்திருந்தால் அந்த இடம் கைமாறியிருக்கும். பாதுகாப்பான தொகுதி என்று யாரும் எட்டிப் பார்க்காத ஊரில் விழும் வாக்குக்கும் இதனால் மதிப்பு வந்தது.

அவையின் முகமும் மாறியது. 1993இல் 99 பேரில் பெண்கள் 21 பேர். 1996இல் 120 பேரில் 35 பேர். சென்னையில் பிறந்த பிரியங்கா ராதாகிருஷ்ணன் 2017இல் முதன்முதலாக அவைக்குள் வந்தது லேபர் பட்டியல் வழியாகத்தான்.

ஐந்து சதவீதமும் ஒரு தொகுதியும்

ஆணையம் சொன்னது 4 சதவீதம். நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியது 5 சதவீதம். ஒரு புள்ளி வித்தியாசம் என்று தள்ளிவிடக் கூடாது. 1996இல் கிறிஸ்டியன் கோயலிஷன் 89,716 வாக்கு வாங்கியது, 4.33 சதவீதம். ஓர் இடமும் இல்லை. வரம்பு 4 ஆக இருந்திருந்தால், அதே வாக்குகளை வைத்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டால் அதற்கு 5 இடம் வருகிறது. நேஷனல் 44லிருந்து 42க்கு இறங்குகிறது. நேஷனலும் நியூசிலாந்து ஃபர்ஸ்டும் சேர்ந்து அமைத்த கூட்டணிக்கு உண்மையில் 61 இடம், அதாவது பெரும்பான்மைக்கு வேண்டியது மட்டும். திருத்திய கணக்கில் 59. ஆட்சி யாருடையது என்பதையே அந்த ஒரு புள்ளி தீர்மானிக்கக் கூடியதாக இருந்தது.

இதைவிட மோசமானது, ஒரு தொகுதி ஜெயித்தால் வரம்பு தேவையில்லை என்ற விதி. ஓர் ஊரில் வேரூன்றிய சிறு கட்சியைக் காப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. 2008இல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 4.07 சதவீதம் வாங்கியது, இடம் இல்லை. அதைவிடக் குறைவாக 3.65 சதவீதம் வாங்கிய ஆக்ட் கட்சிக்கு ஐந்து இடம், ஆக்லாந்தின் எப்சம் தொகுதியை அதன் தலைவர் ஜெயித்திருந்ததால். அதன்பின் எப்சம் ஒரு வாசற்படி ஆகிவிட்டது. 2011 பிரசாரத்தில் பிரதமர் ஜான் கீ, ஆக்ட் வேட்பாளர் ஜான் பேங்க்ஸுடன் அந்தத் தொகுதியின் காபிக்கடை ஒன்றில் கேமராக்கள் முன் உட்கார்ந்து தேநீர் குடித்தார். எப்சமில் நேஷனல் வாக்காளர்கள் தொகுதி வாக்கை ஆக்டுக்குப் போடலாம் என்பதற்கான சைகை அது. ஒரு தொகுதியின் வாக்காளர் வாக்கு மட்டும் நாட்டின் மற்ற எல்லோருடைய வாக்கையும்விடக் கனமாவது, நீக்க வந்த அதே அநியாயம் பின்கதவால் திரும்பி வருவதுதான்.

கூடுதல் இடமும் சுருங்கும் பட்டியலும்

ஒரு கட்சி தன் கட்சி வாக்குக்கு உரியதைவிட அதிகத் தொகுதிகளை ஜெயித்துவிட்டால்? ஜெயித்தவரை வெளியே அனுப்ப முடியாது. அவை பெரிதாகிறது. 2005இல் மாவோரி கட்சி 2.1 சதவீத வாக்கில் நான்கு தொகுதி ஜெயித்தது, உரியது மூன்று. அவை 121. 2008இல் அதே கட்சி ஐந்து ஜெயித்தது, அவை 122. 2023இல் அதே கட்சி, டே பாட்டி மாவோரி என்ற மாவோரி மொழிப் பெயரில், ஆறு ஜெயித்தது, உரியது நான்கு. மறுபடி 122. வேட்பாளர் இறந்ததால் நின்றுபோன போர்ட் வைகாட்டோ தொகுதித் தேர்தல் பிறகு நடந்ததும் 123. ஒன்றிரண்டு இடம் கூடுவது தாங்கக் கூடியதே. ஆட்சிக்கு 61 போதுமா 62 வேண்டுமா என்ற நேரத்தில்தான் அது வலிக்கும்.

இன்னொரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. தென்தீவுக்குப் பொதுத் தொகுதி 16 என்று சட்டத்தில் நிலையாக எழுதியிருக்கிறது. தென்தீவில் பொதுத் தொகுதிகளுக்குரிய மக்கள்தொகையை 16ஆல் வகுத்து வரும் எண்தான் ஒரு தொகுதியின் அளவு, 5 சதவீதம் கூடலாம் குறையலாம். வடதீவின் தொகுதிகளும் மாவோரி தொகுதிகளும் அந்த அளவுகோலால் கணக்கிடப்படுகின்றன. 2020 வரை வடதீவு வேகமாக வளர்ந்தது. எனவே தொகுதிகள் கூடின, அவை 120லேயே நிற்பதால் பட்டியல் குறைந்தது. 1996இல் 65 தொகுதி, 55 பட்டியல். 2020இல் 72, 48. ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டும் கருவியே பட்டியல்தான். அது தேயத் தேயக் கூடுதல் இடங்கள் வரும் வாய்ப்பும் ஏறும்.

சினமும் மறுபரிசீலனையும்

முதல் அனுபவம் மக்களுக்குக் கசந்தது. 1996 தேர்தல் முடிந்து அரசு அமைய டிசம்பர் 10 வரை, கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. நேஷனலை வீழ்த்துவோம் என்று பிரசாரம் செய்த நியூசிலாந்து ஃபர்ஸ்ட் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அந்தக் கட்சியோடேயே சேர்ந்து துணைப் பிரதமரானார். 1998 ஆகஸ்டில் கூட்டணி உடைந்தது, அவருடைய கட்சிக்காரர்கள் சிலர் அவரை விட்டு அரசைத் தாங்கி நின்றார்கள். பட்டியலில் வந்தவர் கட்சி மாறினால் கட்சி வாக்கின் கணக்கே பொய்யாகிவிடுகிறது. மாவோரி மொழியில் தோணிக்கு வாக்கா என்று பெயர், ஆகவே இதை வாக்கா தாவல் என்கிறார்கள். 2001இல் அதற்குத் தடைச்சட்டம் வந்தது, 2005 தேர்தலோடு காலாவதியானது, 2018இல் திரும்ப வந்தது. 1999இல் மக்களே கையெழுத்துத் திரட்டி நடத்த வைத்த வாக்கெடுப்பில் 81.5 சதவீதம் பேர் உறுப்பினர் எண்ணிக்கையை 99 ஆகக் குறைக்கச் சொன்னார்கள். அது கட்டாயமில்லாதது, நிறைவேறவில்லை.

ஆனால் பழக்கம் வந்ததும் கோபம் தணிந்தது. 2011 நவம்பர் 26 பொதுவாக்கெடுப்பில் 57.8 சதவீதம் பேர் இந்த முறையே இருக்கட்டும் என்றனர். 1993ஐவிடக் கூடுதல் ஆதரவு. 2017இல் 44.4 சதவீதத்தோடு முதலாவதாக வந்த நேஷனல் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. 46 இடம் பெற்ற லேபர், நியூசிலாந்து ஃபர்ஸ்டின் 9, பசுமைக் கட்சியின் 8 ஆகியவற்றைச் சேர்த்து 63 இடங்களோடு ஆட்சி அமைத்தது. 1978ஐப் போல இதுவும் முதலிடம் பெற்றவர் ஆளாத நிலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஒப்பீடு சரியில்லை. 1978இல் அரசின் பின்னால் 39.8 சதவீத வாக்கு மட்டுமே இருந்தது. 2017இல் அந்த மூன்று கட்சிகளுக்கும் சேர்த்துப் பாதிக்கு மேல் இருந்தது.

வாக்கெடுப்புக்குப் பிறகு 2012இல் தேர்தல் ஆணையம் விதிகளை ஆராய்ந்தது. வரம்பை 4 ஆக்குங்கள், ஒரு தொகுதி விதியை எடுங்கள், அதோடு கூடுதல் இடத்தையும் எடுங்கள் என்றது. அன்றைய அரசு கட்சிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று சொல்லி விட்டுவிட்டது. அந்த அரசைத் தாங்கிய கட்சிகளில் ஒன்று எப்சம் வழியாக வந்தது. 2023இல் இன்னொரு தனிப்பட்ட மறுஆய்வுக் குழு வரம்பை 3.5 ஆக்கவும், ஒரு தொகுதி விதியை நீக்கவும் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில் 1993 சட்டத்தின் 268ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றத்தின் காலம், எல்லை வரையும் ஆணையம், தொகுதி அளவில் அந்த 5 சதவீத ஏற்றத்தாழ்வு, வாக்களிக்கும் வயது, ரகசிய வாக்கு ஆகியவற்றை மாற்ற 75 சதவீத உறுப்பினர் ஆதரவு அல்லது பொதுவாக்கெடுப்பு வேண்டும். வரம்பும் பட்டியல் கணக்கும் அந்தப் பாதுகாப்பில் இல்லை. சாதாரணப் பெரும்பான்மை ஒரு நாளில் 5ஐ 4 ஆக்கலாம். மக்கள் இரண்டு வாக்கெடுப்பில் ஜெயித்துக் கொடுத்தது சூத்திரத்தை. அதற்குள் இருக்கும் எண்களைத் தொடும் உரிமை கட்சிகளின் கையிலேயே இருக்கிறது. அந்த எண்களால் உள்ளே வந்தவர்கள் இதுவரை அதைத் தொடவில்லை.